அவர் படிக்காத கல்லூரி

ஒரு பெண்ணின் படிப்பைப் பற்றி நான் இரண்டு தடவை பொய் சொன்னேன். முதல் தடவை, அவர் ஊரில் எங்கள் கல்லூரியில் என்னிடம் படித்தவர் என்று சொன்னேன். இரண்டாவது தடவை, அப்படிச் சொல்லி அவர் எங்களை ஏமாற்றிவிட்டார் என்று சொன்னேன். முதற்பொய்யை ஒரு வீட்டு வரவேற்பறையில் நிர்வாகக் குழுவின் முன் சொன்னேன். இரண்டாவதை ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மைதானம் முழுவதற்கும் சொன்னேன். இரண்டும் உதைபந்தாட்டத்துக்காக. அவர் தன் பெயரை இழந்தார். எனக்கு அன்று மாலை சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை நான் மறுக்கவில்லை. குனிந்து கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

சிசிலித் தீவின் பலேர்மோவில் எங்கள் பிள்ளைகள் எப்படிப் பந்து விளையாடுகிறார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இங்கே வளர்ந்தவர்கள். தங்களுக்குள் சிசிலியன் வாடை அடிக்கும் இத்தாலியனில்தான் திட்டிக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் போட்டிருக்கும் சட்டையில் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பெயர் இருக்கும். ஒவ்வொரு கல்லூரிக்கும் இங்கே ஒரு பழைய மாணவர் சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஓர் அணி. கண்ணால் காணாத கட்டடங்களுக்காக அந்தப் பிள்ளைகள் ஒருவர் காலை ஒருவர் உதைக்கிறார்கள். வாரம் முழுவதும் மற்றவர் வீட்டுச் சமையலறையில் கோப்பை கழுவிய தகப்பன்மார் எல்லைக்கோட்டில் நின்று, எழுபதாம் எண்பதாம் ஆண்டுகளில் தோற்ற போட்டிகளுக்கு இப்போது பழி வாங்கச் சொல்லிக் கத்துகிறார்கள்.

ஆரம்பத்தில் எல்லாச் சங்கங்களும் ஒரே சம்மேளனத்தில் இருந்தன. ஒரு கோடை விழாவில் எந்தக் கல்லூரியின் கொடியை முதலில் ஏற்றுவது என்று சண்டை வந்தது. சில கல்லூரிகள் பிரிந்துபோய் ஒன்றியம் என்று வேறொன்றைத் தொடங்கின. எங்கள் கல்லூரி சம்மேளனத்தில் நின்றது. அன்றிலிருந்து இரண்டு சுற்றுப்போட்டிகள், இரண்டு தலைவர்கள், இரண்டு கிண்ணங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு பக்கத்து வெற்றியாளர்களும் ஒரேத்தோ பகுதியில் உள்ள தேவாலய மைதானத்தில் மோதுவார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாத சனம்கூட அந்தப் போட்டிக்குத் தவறாமல் வரும்.

இந்தப் போட்டிக்காகத்தான் ஆள் பிடித்தோம். ஆள் பிடித்தது நான். வேறு நல்ல சொல் போட்டு எழுத எனக்கு விருப்பமில்லை.

விளையாடுகிறவனின் தாயோ தகப்பனோ அந்தக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான விதி. படித்ததற்கு ஆதாரம் கேட்டால் யாரிடமும் இராது. எல்லாம் ஊரோடு எரிந்துவிட்டது. ஆகவே வாய்ச் சாட்சி. கூடப் படித்த இருவர் வந்து, ஓம், எங்களோடு வகுப்பு வாங்கில் இருந்தவர் என்று சொல்ல வேண்டும். ஒரு பழைய ஆசிரியர் சொன்னால் அவர் ஒருவரே போதும். நான் எங்கள் கல்லூரியின் உப அதிபராக இருந்தவன். பலேர்மோவில் எங்கள் கல்லூரிக்காரருக்குக் கிடைத்த ஒரே ஆசிரியர். என் ஒரு சொல்லில் ஒரு பையன் எங்களவன் ஆவான்.

அந்த மதிப்புக்கு நான் எவ்வளவு ஏங்கிக் கிடந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே வந்த நாளிலிருந்து ஓய்வுபெறும் வரை ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் தரை துடைத்தேன். அவருடைய நாயைக் காலையும் மாலையும் வெளியே கூட்டிக்கொண்டு போனேன். அவர் கெட்டவர் இல்லை. என் பெயரின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக் கூப்பிடுவார், நாயைக் கூப்பிடும் அதே குரலில். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கால் வைத்தால்தான் நான் மறுபடி ஆசிரியர், 'சேர்' ஆவேன். வயது போனவர்கள்கூடக் கதிரையை விட்டு எழும்புவார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் என்னவும் செய்வேன் என்பது எங்கள் கல்லூரிக்காரரான சம்மேளனத் தலைவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பெண்ணின் மகனை நான் முதலில் கண்டது பெல்லெக்ரினோ மலையில். அங்கே குகையில் இருக்கும் புனிதைக்கு எங்கள் சனம் நேர்த்தி வைத்து ஏறும். சைவம், கிறிஸ்தவம் என்ற பேதம் கிடையாது. செருப்பில்லாமல் ஏறுவார்கள், அழுவார்கள். நான் ஏறியது பையன்களைப் பார்க்க. எவனுக்கு மூச்சு வாங்கவில்லை, எவனுடைய கெண்டைக்கால் திரண்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு ஏறுவேன். ஒன்றியத்திலிருந்தும் ஒருவர் இதே வேலையாக வருவார். ஒருவரையொருவர் கும்பிட்டுவிட்டு, இருவரும் பக்தர்கள்போல் நடப்போம்.

பத்தொன்பது வயதுப் பையன். இறங்கும்போது ஒரு வெறும் பிளாஸ்டிக் போத்தலை இடது காலால் தட்டிக்கொண்டு வந்தான். அந்த வளைவுகளில் போத்தல் ஒரு தடவையாவது பள்ளத்தில் விழும் என்று பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன். விழவில்லை. பின்னால் தாய் வந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். வன்னி என்றார்.

அடுத்த கிழமை அல்பெர்கேரியாவில் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். கீழே சந்தைக் கூச்சல், மேலே ஒற்றை அறையும் ஒரு குசினியும். பையன் அதிகாலையில் சந்தையில் பழப்பெட்டி இறக்கிவிட்டு வந்து படுத்திருந்தான். தாய்க்கு மாடிக்கட்டடங்களில் படி கழுவும் வேலை. கணவர் கடைசிப் போரில் இல்லாமற்போனார். அவருடைய படிப்பு ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு நின்றது. இவருடையதைக் கேட்டேன்.

"என்ன சேர் படிப்பு," என்று சிரித்தார். "இடம்பெயர்ந்த இடமெல்லாம் ஒரு பள்ளிக்கூடம். மரத்துக்குக் கீழ ஒண்டு, தறப்பாளுக்குக் கீழ ஒண்டு. ஒண்டிலயும் ஒரு வருசம் முழுசா இருக்கேல்லை. சோதினையும் எடுக்கேல்லை."

"எங்கட கல்லூரி விடுதியில இருந்தனீர் எண்டு வைப்பம்," என்றேன்.

"ஆர் வைக்கிறது?"

"நான் வைக்கிறன்."

"நான் உங்கட கல்லூரி வாசலையே கண்டதில்லை சேர்."

"அதை ஆர் பிள்ளை கேக்கப் போகினம்? சேர் சொன்னாச் சரி. கோடையில எங்கட அணி வெளிநாட்டுக் கிண்ணத்துக்குப் போகுது. உம்மட மகனுக்கு அதில இடம் இருக்கு. அவனை நாலு பேர் பாக்க வேண்டாமோ?"

அவர் உடனே சம்மதிக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "விடுதி எந்தப் பக்கம் சேர்?"

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சில ஞாயிறுகள் போய், அந்தக் குசினி மேசையில் விரலால் கோடு போட்டு விடுதி இது, நூல்நிலையம் இது, தண்ணீர்த் தொட்டி இது என்று காட்டினேன். பிடிபடாமல் இருப்பதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், தேவைக்கு மேலே கேட்டார். மழை பெய்தால் எந்த விறாந்தையில் ஒதுங்குவார்கள், நூல்நிலையத்தில் கதைத்தால் யார் ஏசுவார், மத்தியான மணியை அடிப்பது யார். படி கழுவிக் கழுவி வெடித்த கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்பார். எனக்கு அப்போதே கூச்சம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது. என்ன நன்றாகச் சொல்கிறேன் என்று.

நிர்வாகக் குழுவில் நான் எழுந்து, இவர் என் மாணவி, விடுதிப் பிள்ளை, கணிதத்தில் கெட்டிக்காரி என்றேன். அந்தக் காலத்தில் உண்மையாகவே விடுதியில் இருந்த ஒரு பெண் அங்கே இருந்தார். முதலில் புருவத்தைச் சுருக்கினார். நான் அவரைப் பார்த்தேன். உடனே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஓம் ஓம், நீர் ரெண்டு பின்னல் போட்டுக்கொண்டு திரியிறனீரெல்லே," என்றார்.

இப்படித்தான் எங்கள் கல்லூரிக்கு ஒரு பழைய மாணவி கிடைத்தார். கல்லூரி நிறத்தில், கரும்பச்சையில் வெள்ளைக் கரை போட்ட சேலை ஒன்று வாங்கினார். பழைய மாணவியரோடு நின்று கல்லூரிப் பாட்டைப் பாடினார். மற்றப் பெண்கள் இரண்டாம் அடியோடு தடுமாறி முணுமுணுக்கும்போது இவருடைய குரல் மட்டும் கடைசி வரை போகும். போட்டி நாட்களில் சாப்பாட்டு மேசையைப் பொறுப்பெடுத்தார். யாரோ பிள்ளைகளுக்கு எங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அவர் கதை சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு நாள் கேட்டேன். நான் சொன்னதைவிட அது நன்றாக இருந்தது.

பையன் அந்த வருடம் எங்களை இறுதி வரை கொண்டுபோனான். அவன் பந்தை எடுத்தால் சிசிலிக்காரப் பாதிரியார்கூட மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

பிறகு வெளிநாட்டுக் கிண்ணத்துக்கு அணி தெரிவுசெய்தார்கள். பையனின் இடத்தைத் தலைவர் தன் தங்கையின் மகனுக்குக் கொடுத்தார். அந்த மகன் பந்தைக் கண்டால் விலகி வழி விடுகிறவன். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. "அடுத்த முறை பாப்பம் சேர், பெடியன் எங்கை போகப் போறான்," என்றார் தலைவர். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பையன் எங்களை விட்டுப் போனான். ஒன்றியக்காரர் அவனுக்குத் தங்கள் அணியில் இடம் கொடுத்தார்கள். அவர்களிடமும் ஒரு சாட்சி இருந்தார், என்னைப்போல் ஒருவர். தகப்பன் தங்கள் கல்லூரியில் படித்தவர் என்று கையை உயர்த்திச் சொன்னார். செத்த மனிதனுக்கும் நாங்கள் கல்லூரி கொடுப்போம், எங்களுக்கு ஆள் வேண்டுமென்றால்.

அடுத்த கோடையில் எங்கள் அணியும் அவர்கள் அணியும் இறுதிக்கு வந்தன. போட்டிக்கு முதல் நாள் தலைவர் என் வீட்டுக்கு வந்தார்.

"சேர், தாய் எங்கட கல்லூரி. பெடியன் எங்கட சொத்து. உவங்கள் எப்பிடி இறக்கலாம்?"

"தகப்பன் வழி எண்டு சொல்லுவினம்," என்றேன்.

"வேற வழி இல்லையோ சேர்? நீங்கள்தானே விதியெல்லாம் எழுதினது."

வழி இருந்தது. பொய்த் தகவல் கொடுத்துச் சேர்ந்த குடும்பத்தின் பிள்ளை எந்தப் பக்கத்திலும் விளையாடக் கூடாது என்று நான்தான் ஒரு விதி எழுதியிருந்தேன். பிரிவதற்கு முன் எழுதியது, ஆகவே இரண்டு பக்கத்துக்கும் செல்லும். அதைத் தலைவருக்கு நானே எடுத்துச் சொன்னேன். அவர் என்னை வற்புறுத்தினார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் வற்புறுத்தவில்லை. 'சேர்' என்று கூப்பிட்டார், அவ்வளவுதான்.

போட்டிகளுக்கு நேர்முக வர்ணனை செய்வது நான். நல்ல தமிழில் செய்வேன் என்று பெயர். இடைவேளையில் இரண்டு அணியும் சமநிலை. அவர்களுடைய கோல் பையனின் இடது காலில் வந்தது. நான் ஒலிவாங்கியில், "அன்பார்ந்த பெருமக்களே, மிகுந்த மனவருத்தத்தோடு ஓர் உண்மையை அறியத்தருகிறேன்," என்று தொடங்கினேன். இந்த வீரனின் தாயார் எமது கல்லூரியில் கற்றவர் என்று கூறி எம்மை ஏமாற்றிவிட்டார், அவர் எந்தக் கல்லூரியிலும் கற்றவர் அல்லர் என்றேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, ஒற்றுப் பிழையில்லாமல் வந்தது. மனவருத்தம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. இருந்தது வெற்றி வெறி.

தாய் சாப்பாட்டு மேசையடியில் நின்றார். மகன் மற்றப் பக்கம் போனாலும் அவர் எங்கள் மேசையை விடவில்லை, அந்தச் சேலையையும் விடவில்லை. ரோல்ஸ் ஒன்றை இடுக்கியால் எடுத்து நீட்டிய நேரம் நான் சொன்னது கேட்டது. வரிசையில் முன்னால் நின்ற பெண் நீட்டிய தட்டை மெல்லப் பின்னால் இழுத்தார். தாய் ரோல்ஸைத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்தார். துணியால் மூடினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "சேர்தான் சொல்லித் தந்தவர்" என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே முடிந்திருப்பேன். சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, மைதானத்தின் ஓரமாக, எல்லோருக்கும் முன்னால் நடந்து போனார்.

பையன் வர்ணனை மேசைக்கு வந்தான். கோபப்படுவான் என்று நினைத்து அருகில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அவன் தமிழில் எதுவும் சொல்லவில்லை. "பெர்கே?" என்று மட்டும் கேட்டான், ஏன் என்று. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு முன்னூறு முறை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கிய நான், கடதாசிகளை அடுக்கினேன். ஒன்றியக்காரர் தாங்களும் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து அவனை இறக்கவில்லை. நாங்கள் வென்றோம்.

"இண்டைக்கு நல்ல கோல் சேர் அடிச்சதுதான்," என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். சால்வை அதற்குப் பிறகுதான்.

எதிலும் ஒத்துப்போகாத சம்மேளனமும் ஒன்றியமும் அந்தக் கிழமையே சேர்ந்து அமர்ந்து பையனை இரண்டு பக்கத்திலும் தடை செய்தன. பழைய மாணவியர் தங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தாயை எடுத்துவிட்டார்கள். இரண்டு பின்னலை ஞாபகம் வைத்திருந்த பெண், "எனக்கு அண்டைக்கே தெரியும்," என்று சொல்லித் திரிந்தார். எல்லோரையும்விட அந்தப் பெண்ணில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அவரைப் பொய் சொல்ல வைத்தது என் பார்வை என்பதை நினைக்க நீண்ட நாள் எடுத்தது.

குளிர்காலத்தில் ஒரு நாள் மலையில் அந்தத் தாயைக் கண்டேன். எங்கள் பெண்கள் கூட்டமாக முன்னால் போனார்கள். அவர் தனியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினேன். அது கட்டித்தான் இருந்தது. அவர் கடந்து போகும் வரை குனிந்தே இருந்தேன். இனிமேலும் பேசாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் கோடை வரை பேசாமல்தான் இருந்தேன். அடுத்த இறுதிப் போட்டியில் ஒலிவாங்கி என் கைக்கு வரும், அதே இடத்தில் சொல்வேன் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

ஒலிவாங்கி வந்தது. வரவேற்புரை முடிந்தவுடன் தொடங்கினேன். "போன வருடம் இதே இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். ஏமாற்றியது அந்தத் தாய் அல்ல, நான்..." இவ்வளவுதான் போனது. தலைவர் கையை அசைத்தார், ஒலிவாங்கி நின்றுவிட்டது. நான் வெறும் வாயால் கத்தினேன். அந்தத் தாய் கேட்காமலே நான்தான் அவருக்குப் பொய்ச் சாட்சி சொன்னேன், கல்லூரியை நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று கத்தினேன். இந்த வயதில் என் குரல் முன்வரிசையைத் தாண்டாது.

"சேருக்குப் பிரஷர் கூடிட்டுது. ஆராவது தண்ணி குடுங்கோ," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

இரண்டு தலைவர்களும் இரண்டு பக்கமும் வந்து என் கையைப் பிடித்தார்கள். இந்தப் போட்டியைத் தவிர, பிரிந்த நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த வேலைகள் இரண்டு. முதலாவது, பையனைத் தடை செய்தது; இரண்டாவது, என்னைக் காருக்குக் கூட்டிப்போனது. மற்றவர்கள் கவலையோடு பார்த்தார்கள். வயதுபோன மனுசன், மூளை தடுமாறுகிறது என்று நினைத்தார்கள். பொய் சொன்னபோது என் மூளையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலை அந்தத் தாய் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். வியா மக்வேதாவிலிருந்து ஒரு சந்து திரும்பினால் வரும் பழைய மாடிக்கட்டடம். இரண்டாம் மாடிப் படியில் வாளியும் துடைப்பமுமாக நின்றார். படி முழுவதும் தண்ணீர் ஊற்றிவிட்டு மேலிருந்து துடைத்துக்கொண்டு இறங்குவது அவர் வேலை. எனக்கு மேலே நின்றார்.

"நேற்று மைதானத்தில எல்லாத்தையும் சொல்லிப் போட்டன் பிள்ளை," என்றேன்.

அவர் துணியைப் பிழிந்தார். "மைக்கிலயோ?"

"தொடங்கேக்க மைக் இருந்தது. பிறகு நிப்பாட்டிப் போட்டினம்."

"எவ்வளவு பேருக்குக் கேட்டது?"

"முன்னுக்கு இருந்த ஆக்களுக்கு."

"என்னைச் சொன்ன அண்டைக்கு மைக் நல்லா வேலை செய்தது, ஐயா."

ஐயா என்றார். 'சேர்' என்று வரவில்லை.

"நான் ஒவ்வொரு வீடா ஏறிச் சொல்லுறன்," என்றேன்.

"சொல்லுங்கோ. என்னட்டை ஏன் கேக்கிறியள்?" அடுத்த படியைத் துடைத்தார். "அவன் இப்ப இஞ்சத்தை இத்தாலியப் பெடியளோட விளையாடுறான். அவங்கள் பெயரும் பிறந்த திகதியும் மட்டும்தான் கேட்டவங்கள். தாய் என்ன படிச்சவ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"ஒரு நாள் வந்து பாக்கலாமோ?"

"வேண்டாம்."

துணியை வாளியில் நனைத்தார். பிறகு அவரே சொன்னார், என்னைப் பார்க்காமல். "அந்தப் பள்ளிக்கூடத்தை நீங்கள் எனக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். இப்ப மழை பெய்தா அந்த விறாந்தைதான் நினைவு வருது. நான் நிண்டதில்லை எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் வருது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பாத்து இறங்குங்கோ ஐயா, படி ஈரம்."

சப்பாத்தோடு ஈரப்படியில் நின்றுகொண்டுதான் இவ்வளவும் கதைத்திருக்கிறேன். இறங்கினேன். நான் மிதித்த படி ஒவ்வொன்றையும் அவர் எனக்குப் பின்னால் துடைத்துக்கொண்டு வந்தார். தெருவுக்கு வரும் வரை அந்தச் சத்தம் கேட்டது.

அன்று பின்னேரமே தொடங்கினேன். முதலில் இரண்டு பின்னல்காரியின் வீட்டு மணியை அடித்தேன். சேர் வந்திருக்கிறார் என்று உள்ளே குரல் கேட்டது. தேநீர் வேண்டாம், இருக்கவும் வேண்டாம், வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிடும், ஒரு உண்மை சொல்ல வேண்டும் என்றேன்.